பெரிய திரை இ-ரீடர்: கிண்டில் ஸ்கிரைப்பா, கோபோ எலிப்ஸாவா? தமிழில் படிப்பவருக்கு எது ஏற்றது?

திறன்பேசியில் நாவல் படித்துக் கண் களைத்துப்போனவரா நீங்கள்? பாடக் குறிப்புகளை இரண்டு விரலால் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடியும் பெரிதாக்கிச் சலித்துவிட்டதா? அப்படியென்றால் இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும்: பெரிய திரை இ-ரீடர் ஒன்று வாங்கலாமா? வாங்கினால் எது?

10 அங்குல வரிசையில் பலரும் ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று அமேசானின் கிண்டில் ஸ்கிரைப். மற்றொன்று ராக்குட்டன் நிறுவனத்தின் கோபோ எலிப்ஸா 2இ. 2023இல் எலிப்ஸா 2இ அமெரிக்காவில் 399.99 டாலருக்கு அறிமுகமானது. 2024இல் வந்த ஸ்கிரைப்பின் இரண்டாம் பதிப்புக்கும் அங்கே அதே தொடக்க விலைதான். நம் வெள்ளிக் கணக்கில் 500ஐத் தாண்டும். சும்மா வாங்கிப் பார்க்கலாம்னு செலவு செய்யும் தொகை இல்லை.

இணையத்தில் இரண்டையும் ஒப்பிடும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவரை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை. நீங்கள் தமிழிலும் படிப்பவர், சிங்கப்பூரில் இருப்பவர். அந்த இரண்டும் சேர்ந்தால் விடை கொஞ்சம் மாறுகிறது.

முதலில், ஒரே பார்வையில்

கிண்டில் ஸ்கிரைப் (2022, 2024 பதிப்புகள்)
- திரை: 10.2 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்
- எடை: 433 கிராம்
- எழுதுகோல்: உண்டு, மின்னூட்டம் தேவையில்லை
- நம் பொது நூலக மின்னூல்கள்: வராது

கோபோ எலிப்ஸா 2இ (2023)
- திரை: 10.3 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 227 புள்ளிகள்
- எடை: 390 கிராம்
- எழுதுகோல்: உண்டு, மின்னூட்டம் செய்ய வேண்டும்
- நம் பொது நூலக மின்னூல்கள்: வரும்

இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பவை: கறுப்பு வெள்ளைத் திரை, இரவில் படிக்க மஞ்சள் நிறமாக மாற்றிக்கொள்ளக்கூடிய முன்விளக்கு, ஒருமுறை மின்னூட்டினால் வாரக்கணக்கில் தாங்கும் மின்கலம். தண்ணீர் பட்டால் தாங்கும் வசதி இரண்டிலும் இல்லை. நீச்சல் குளத்தோரம் படிக்கிற பழக்கம் இருந்தால் கவனம்.

2025 செப்டம்பரில் அமேசான் 11 அங்குல ஸ்கிரைப்பையும் வண்ணத் திரை கொண்ட ஒன்றையும் அறிவித்தது. அவற்றின் விலை இன்னும் அதிகம். இங்கே நாம் பேசுவது 10.2 அங்குலக் கருவி பற்றி.

இந்தத் திரையில் அப்படி என்ன இருக்கிறது?

திறன்பேசித் திரை உங்கள் கண்ணை நோக்கி ஒளியை அனுப்புகிறது. இ-ரீடரின் மின்-மைத் திரை அப்படியில்லை. அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாக நுண்ணிய நிறத்துகள்கள் இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது கறுப்பு மேலே வரும், அல்லது வெள்ளை மேலே வரும். அப்படியே நின்றுவிடும். அடுத்த பக்கம் திருப்பும்வரை எழுத்தைத் திரையில் வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. மின்கலம் நாள் கணக்காகத் தாங்குவதற்குக் காரணம் அதுதான்.

சுற்றியுள்ள வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புவதால் தாளில் படிப்பதுபோலவே இருக்கும். நண்பகல் வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். குறை? பக்கம் மாறும்போது ஒரு சிறு தாமதம். காணொளி, விளையாட்டு எதற்கும் ஆகாது. சிலருக்கு அதுதான் நிறையே.

பெரிய திரை ஏன் தமிழுக்கு முக்கியம்?

"வாசித்துக்கொண்டிருந்தார்கள்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 14 எழுத்து. ஆங்கிலத்தில் மூன்று சிறு சொற்களாகப் பிரிந்துபோகும் இது தமிழில் ஒரே சொல். வழக்கமான 6 அங்குலக் கருவியில் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே அடங்கும். அடுத்த நீளமான சொல் கீழே இறங்கிவிடும். மிச்சச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுந்த மாதிரி இடைவெளி. கண் தடுக்கித் தடுக்கிப் போகும். 10 அங்குலத்தில் அந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது.

இரண்டாவது காரணம் பிடிஎஃப். இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ் நூல்களில் பல, தாளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உருவாக்கியவை. எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, ஏனென்றால் அவை எழுத்தே அல்ல, படம். வேறு சில பிடிஎஃப்கள் யூனிகோட் வருவதற்குமுன் இருந்த பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. பார்க்கத் தமிழாக இருக்கும். வேறு வடிவத்துக்கு மாற்றினால் புரியாத ஆங்கிலக் குறியீடுகளாகச் சிதறும். இரண்டு வகைக்கும் ஒரே வழிதான்: பக்கத்தை உள்ளபடியே பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய திரை வேண்டும்.

எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போடலாம். இந்த இரண்டு கருவிகளின் திரையும் ஏறக்குறைய 157க்கு 210 மில்லிமீட்டர். அதாவது ஏ5 தாளைவிடச் சற்றே அகலம். வழக்கமான தமிழ் நாவலின் பக்கம் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே தெரியும். ஏ4 தாளில் உள்ள பாடக் குறிப்பு 70 விழுக்காடாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளி மாதிரி தெரியும். சிறியதுதான், ஆனா படிக்கலாம். அதே ஏ4 பக்கம் 6 அங்குலத் திரையில் 41 விழுக்காடாகச் சுருங்கி எழுத்து 5 புள்ளிக்குப் போய்விடும். அதைப் படிக்கவே முடியாது.

ஒரு சின்ன உத்தி: ஏ4 பக்கத்தைப் படிக்கும்போது கருவியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். திரையின் நீளமும் ஏ4 தாளின் அகலமும் ஒன்றே. பாதிப் பக்கம்தான் ஒரு நேரத்தில் தெரியும். ஆனால் அசல் அளவில் தெரியும்.

300க்கும் 227க்கும் வித்தியாசம் தெரியுமா?

நாவல் படிக்கும்போது பெரும்பாலும் தெரியாது. எழுத்தளவை நீங்களே கூட்டிக்கொள்வீர்கள். அப்போது 227 போதும்.

பிடிஎஃப் படிக்கும்போது தெரியும். தமிழில் சின்னக் குறிகள்தான் பொருளை மாற்றுகின்றன. 'கலி' என்பதும் 'கலீ' என்பதும் வேறுபடுவது மேலே உள்ள ஒரு சுழியில். 'பட்டு' என்பதில் ட-வின் மேல் உள்ள புள்ளி மங்கினால் அது 'படடு' ஆகிவிடும். எழுத்து எட்டரைப் புள்ளிக்குச் சுருங்கியிருக்கும் நேரத்தில் அந்தச் சுழியும் புள்ளியும் ஸ்கிரைப்பில் கூர்மையாக இருக்கும். எலிப்ஸாவில் சற்று மழுங்கலாகத் தெரியும். படமெடுத்த பழைய நூல்களை நிறையப் படிப்பவர் என்றால் இது ஸ்கிரைப்புக்கு ஒரு நல்ல புள்ளி.

எடையில் எலிப்ஸாவுக்குப் புள்ளி. 43 கிராம் குறைவு. ஆனால் உண்மையைச் சொன்னால் இரண்டுமே கனம்தான். உறையும் போட்டால் இன்னும் கூடும். எம்ஆர்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படிக்கும் கருவி இல்லை இது. உங்கள் வாசிப்பு பெரும்பாலும் ரயிலில் நின்றபடிதான் என்றால் 6 அல்லது 7 அங்குலக் கருவியே மேல். செலவும் குறையும்.

நூலகம்: இங்கேதான் முடிவு மாறுகிறது

தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிப்பி செயலியில் இரவல் வாங்கியிருப்பீர்கள். அதை நடத்துவது ஓவர்டிரைவ் என்ற நிறுவனம். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் நூல்கள் உண்டு. காசு கிடையாது.

அந்த மின்னூல்களைக் கிண்டிலில் படிக்கலாமா? அமெரிக்காவில் உள்ள நூலகங்களின் உறுப்பினர்களுக்கு மட்டும் அந்த வசதி உண்டு. நமக்கு இல்லை. அமெரிக்க விமர்சகர் ஒருவர் "நூலகப் புத்தகங்கள் கிண்டிலிலும் வரும்" என்று சொன்னால் அது அவருக்குச் சரி. அதை நம்பி நீங்கள் வாங்கினால் ஏமாற்றம்தான்.

கோபோவில் ஓவர்டிரைவ் உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய், நாட்டையும் நூலகத்தையும் தேர்வு செய்து, உங்கள் நூலகக் கணக்கைக் கொண்டு ஒருமுறை உள்நுழைந்தால் போதும். அதன்பிறகு திறன்பேசியில் லிப்பி வழியாக இரவல் வாங்குங்கள். கோபோவை இணையத்தோடு இணைத்து ஒத்திசைத்தால் நூல் தானாக வந்து சேரும். தவணை முடிந்ததும் தானாகத் திரும்பிப் போகும். அபராதம் என்ற பேச்சே இல்லை.

இரண்டு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். லிப்பியில் உள்ள சஞ்சிகைகள் கோபோவுக்கு வராது. சில நூல்களை லிப்பி செயலியிலோ உலாவியிலோ மட்டுமே படிக்க முடியும், அவையும் வராது. ஆகவே நீங்கள் படிக்க விரும்பும் நூல்கள் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள்.

மாதம் இரண்டு நூல் படிப்பவர் ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்கினால் ஓராண்டில் எவ்வளவு ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கருவியின் விலையைவிட அதில் போடும் நூல்களின் விலைதான் நாளடைவில் பெரிதாகும்.

தமிழ் நூல்கள் எங்கே கிடைக்கும்?

காசு கொடுத்து வாங்குவதென்றால் கிண்டிலுக்குத்தான் வலு. 2016இல் அமேசான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல்களைக் கொண்டுவந்தது. அதன்பிறகு பதிப்பகங்களோடு தனி எழுத்தாளர்களும் நேரடியாக அங்கே நூல் வெளியிடுகிறார்கள். இன்றைய தமிழ் எழுத்தை வந்த சூட்டோடு படிக்க வேண்டும் என்றால் பல நேரம் கிண்டிலில்தான் முதலில் கிடைக்கும். எல்லா நூலும் எல்லா நாட்டுக் கணக்கிலும் விற்கப்படுவதில்லை. அதனால் உங்கள் கணக்கில் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இலவசமாகக் கிடைப்பவையும் குறைவில்லை. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வரை உண்டு. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் வடிவம், ஏ4 பிடிஎஃப், சிறிய திரைக்கான 6 அங்குலப் பிடிஎஃப் என்று ஒரே நூல் பல வடிவங்களில் கிடைக்கும். பெரிய திரையாக இருந்தாலும் நாவலுக்கு ஈபப் வடிவத்தையே எடுங்கள். எழுத்தளவை உங்கள் விருப்பப்படி மாற்றலாம்.

ஈபப் கோப்பைக் கோபோவில் கம்பி வழியாக நேரே போட்டுவிடலாம். கிண்டிலில் அப்படிப் போட்டால் திறக்காது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பலாம். அது மாற்றிக் கொடுக்கும். பெரிய வேலை இல்லை, ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் அதைச் செய்ய வேண்டும்.

தமிழ் எழுத்து உடையாமல் வருமா?

வாங்குவதற்குமுன் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. 'கொ' என்ற எழுத்தைக் கணினி எப்படி வைத்திருக்கிறது தெரியுமா? முதலில் 'க', அதன்பிறகு உயிர்க்குறி. ஆனால் திரையில் கொம்பு முன்னே வர வேண்டும், கால் பின்னே வர வேண்டும். எழுத்துகளை இப்படி இடம் மாற்றி அடுக்கத் தெரிந்த மென்பொருளும் தமிழ் எழுத்துருவும் இரண்டும் இருந்தால்தான் சரியாக வரும். எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள் தெரியும். அடுக்கத் தெரியாவிட்டால் கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும்.

இரண்டு கருவியிலும் நமக்குப் பிடித்த எழுத்துருவைச் சேர்க்கலாம். கணினியோடு இணைத்து, கருவியில் எழுத்துருக்களுக்கான கோப்புறைக்குள் போட்டால் போதும். கூகலின் நோட்டோ வரிசைத் தமிழ் எழுத்துருக்கள் இலவசம். அவற்றிலிருந்து தொடங்கலாம்.

சோதிக்க ஒரு வழி: கொ, கோ, கௌ, பூ, ணை, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றைத் தட்டச்சு செய்து ஒரு சிறு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் கருவியிலோ கடையில் காட்சிக்கு வைத்திருப்பதிலோ திறந்து பாருங்கள். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எழுதுகோல்: தேவையா, ஆசையா?

இரண்டிலும் பக்கத்தின் மேல் எழுதலாம். தமிழிலும் கிறுக்கலாம், கோடு போடலாம், அம்புக்குறி போடலாம். ஸ்கிரைப்பின் எழுதுகோலுக்கு மின்னூட்டம் தேவையில்லை. எலிப்ஸாவின் எழுதுகோலை அவ்வப்போது மின்னூட்ட வேண்டும். தேர்வுக்கு முந்தின இரவு அது தீர்ந்துபோனால் எரிச்சலாக இருக்கும்.

பிடிஎஃப் கோப்பில் எழுதுவதற்கு ஸ்கிரைப்பில் ஒரு நிபந்தனை உண்டு. 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பிய கோப்பில்தான் எழுத முடியும். கம்பி வழியாகப் போட்டதில் முடியாது. எலிப்ஸாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. டிராப்பாக்ஸ், கூகல் டிரைவ் கணக்கிலிருந்தும் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. உங்களுக்கு வேண்டியது குறிப்பெடுப்பது மட்டும் என்றால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கைக்கணினி அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். இந்தக் கருவிகளின் பலம் வாசிப்பு.

வாங்கிய புத்தகம் உங்களுடையதா?

2009இல் அமேசான், உரிமைச் சிக்கல் காரணமாக ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலின் ஒரு பதிப்பை வாடிக்கையாளர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பிறகு மன்னிப்புக் கேட்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அது நிறுத்தியது.

கோபோவிலும் கடையில் வாங்கும் பெரும்பாலான நூல்களுக்குப் பூட்டு உண்டு. அங்கும் நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமையைத்தான். ஆனால் அதன் நூல்களைக் கோப்பாக இறக்கி, அடோபியின் பூட்டை ஏற்கும் வேறு கருவியிலும் படிக்கலாம். நாளை கருவியை மாற்ற நினைத்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். பத்து ஆண்டு கிண்டிலில் நூல் வாங்கியவர் கோபோவுக்கு மாறினால் நூல்கள் அங்கேயே தங்கிவிடும்.

அப்போ எதை வாங்குவது?

கோபோ எலிப்ஸா 2இ, நீங்கள்...
- லிப்பியில் அடிக்கடி இரவல் வாங்குபவர் என்றால்
- இலவசத் தமிழ் ஈபப் நூல்களை நிறையச் சேர்த்து வைத்திருப்பவர் என்றால்
- ஒரே நிறுவனத்துக்குள் அடைபட விரும்பாதவர் என்றால்

கிண்டில் ஸ்கிரைப், நீங்கள்...
- ஏற்கெனவே கிண்டிலில் நிறைய நூல் வாங்கியவர் என்றால்
- புதிய தமிழ் எழுத்தாளர்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர் என்றால்
- படமெடுத்த பிடிஎஃப் நூல்களையே அதிகம் படிப்பவர் என்றால்

இரண்டும் வேண்டும் என்கிறீர்களா? ஆண்ட்ராய்டில் இயங்கும் இ-ரீடர்கள் உண்டு, எடுத்துக்காட்டாக போக்ஸ் வரிசை. அவற்றில் லிப்பி, கிண்டில் செயலி இரண்டையும் நிறுவலாம். ஆனால் அமைப்புகளோடு மல்லுக்கட்டும் பொறுமை வேண்டும். மின்கலமும் சீக்கிரம் தீரும்.

பொதுவாகச் சொன்னால், சிங்கப்பூரில் இரு மொழியிலும் படிக்கும் இளையர் ஒருவருக்கு, புதிதாகத் தொடங்குகிறார் என்றால், கோபோதான் பொருத்தம். ஸ்கிரைப்பின் திரை உண்மையிலேயே அழகு. ஆனால் நம் நூலகம் வராத அழகான திரைக்கு ஒவ்வொரு நூலுக்கும் காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வாங்குவதற்குமுன் ஒரு வாரம்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள். கடைசியாகப் படித்த பத்து விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நாவல், பாடக் குறிப்பு, கட்டுரை, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு குறிப்பு: எங்கிருந்து கிடைத்தது, எந்த வடிவம்.

நூலகம் என்ற சொல் அதிகம் வந்தால் விடை உங்களுக்கே தெரியும். கிண்டில் என்று அதிகம் வந்தாலும் அப்படித்தான். பிடிஎஃப் அதிகமா? அப்போ பெரிய திரை உங்களுக்கு உண்மையாகவே தேவை. பத்தில் இரண்டு மூன்றுதான் நூல், மற்றதெல்லாம் இணையப் பக்கம் என்றால், பணத்தைக் கொஞ்ச நாள் பையிலேயே வைத்திருங்கள். திறன்பேசியில் லிப்பியைத் திறந்து ஒரு தமிழ் நூலை இரவல் வாங்குங்கள். அதை முடித்துவிட்டு, அடுத்ததையும் தேடத் தொடங்கினால், அப்போது கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.